இணைப்பு: இரண்டு

ஒரு காட்டில் மூன்று விமானக் கம்பெனிகள் இருந்தன. போன கோடை வரைக்கும் நான்கு. வௌவால்கள் நடத்திய கம்பெனியில் பயணிகளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள் என்று புகார் வந்து அதை மூடிவிட்டார்கள். மிச்சம் மூன்றில் பெரியது ஆலமரம் ஏர். அதன் முதலாளி ஒரு தீக்கோழி. நம் ஊர்க் காட்டுக்குத் தீக்கோழி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், வெளிநாட்டு முதலீடு என்றார்கள். மலிவானது காக்கா ஏர். அதில் உட்கார இடம் கிடையாது. காக்கையின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும், இறங்கும்போது பையில் வைத்திருந்த வடை இருக்காது. நம் கதை மூன்றாவது கம்பெனியில் நடக்கிறது. அதன் பெயர் உச்சிப்பாறை ஏர்வேஸ். நிர்வாக இயக்குநர் ஒரு மயில்.

மயில் சுமாராகத்தான் பறக்கும். தீக்கோழி பறக்கவே பறக்காது. விமானக் கம்பெனி நடத்துகிறவருக்குப் பறக்கத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

விமானம் என்றால் கூடை. நீளமான மூங்கில் கம்பில் பிரம்புக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கம்பின் முன்முனையை ஒரு பறவையும் பின்முனையை ஒரு பறவையும் பிடித்துக்கொண்டு, உச்சிப்பாறையிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போக வேண்டும். முன்னால் பிடிப்பவர் கேப்டன். பின்னால் பிடிப்பவர் துணை விமானி. கேப்டனுக்கு வானம், மலை, ஏரி எல்லாம் தெரியும். துணை விமானிக்குக் கேப்டனின் வால் தெரியும்.

கூழைக்கடா மாசிலாமணி பதினோரு வருஷமாக வால் பார்த்துக்கொண்டிருந்தார். பறவையைப் போய் 'அவர்' என்கிறானே என்று நினைப்பீர்கள். யூனிபார்ம் போட்டவரை 'அது' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இந்தத் தொழிலில் திறமை, அனுபவம், இறக்கையின் நீளம் எதுவும் செல்லாது. சேர்ந்த தேதிதான் செல்லும். தேதிப்படி ஒரு பட்டியல் இருக்கும். மேலே ஒருவர் போனால் கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். உச்சிப்பாறையில் மூன்று கூடை, ஆறு விமானிகள். கேப்டன்கள் மூன்று பேர்: நாரை வைத்தியலிங்கம், அப்புறம் கொக்குச் சகோதரர்கள் இருவர். துணை விமானிகள் மூன்று பேர்: முதலில் மாசிலாமணி, அடுத்து அன்றில் அஞ்சுகம் (பெயர்தான் அஞ்சுகம், கிளி இல்லை), கடைசியில் பருந்து காத்தமுத்து. காத்தமுத்து, பயணிகளின் சாமானை இரண்டு தடவை ஏரியில் போட்டதற்காக மெமோ வாங்கியவர்.

வைத்தியலிங்கத்துக்கு மருத்துவப் பரிசோதனையில் ஒற்றைக்காலில் ஒரு மணி நேரம் நிற்க முடியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. அப்படியானால் சனிக்கிழமை முதல் முன்கம்பு யாருக்கு? மாசிலாமணிக்கு. காட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் சம்சாரம் திலகவதி ஏரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "சனிக்கிழமையிலேர்ந்து இவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, கேப்டன்னு கூப்பிடுங்க" என்று முக்குளிப்பான் குஞ்சுகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தையல்சிட்டிடம் தொப்பிக்கு அளவும் கொடுத்தாகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் திங்கட்கிழமை காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. டைப்பிஸ்ட் மரங்கொத்தி பிலோமினா அதை நாவல் மரத்தின் அடிமரத்தில் குத்திவிட்டுப் போனாள். அதில் இப்படி இருந்தது:

'பெறுநர்: அனைத்து விமானிகள். பொருள்: நிறுவனத்தின் வருங்கால நடவடிக்கைகள் தொடர்பாக. மேற்படி பொருள் குறித்த முழு விவரங்கள் இத்துடன் தெரிவிக்கப்படுகின்றன. சம்பந்தப்பட்டோர் உரிய காலத்துக்குள் உரிய நடவடிக்கை எடுக்கவும். தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல. இணைப்பு: இரண்டு.'

ஆபீஸ் கடிதாசி நாலு படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட இரண்டு தாள் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். வைக்கத்தான் வைத்தாள் பிலோமினா. அதைப் பத்து நிமிஷத்தில் ஓர் ஆடு வந்து தின்றுவிட்டது. ஒரு தாள் பனிக்கால நேர அட்டவணை. இன்னொன்று என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

விமானிகள் வந்து பார்த்தபோது தாள் இல்லை. அவர்கள் கண்ணில் பட்டது கடைசி வரி மட்டும்தான்.

நாவல் மரத்தின் கீழ்க்கிளைதான் விமானிகள் ஓய்வறை. ஆறு பேரும் அங்கே கூடினார்கள்.

"படிச்சீங்களா?" என்றார் காத்தமுத்து. "இணைப்பு. ஒண்ணு இல்ல, ரெண்டு."

"எதோட எதை இணைக்கிறாங்க?" என்று கேட்டார் பெரிய கொக்கு.

"இதுகூடவா தெரியல? மொதல்ல நம்மளை ஆலமரத்தோட சேர்ப்பாங்க. அப்புறம் ரெண்டையும் சேர்த்துக் காக்காவோட. கணக்கு சரியா ரெண்டு வருதா இல்லையா?"

எல்லோரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வந்தது. அதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"நான் போன மாசமே சொன்னேன்" என்றார் காத்தமுத்து.

"போன மாசம் நீங்க கம்பெனியை மூடப் போறாங்கன்னுல்ல சொன்னீங்க?" என்றார் அஞ்சுகம்.

"மூடுறதும் இணைக்கிறதும் ஒண்ணுதாம்மா. ஏவியேஷன்ல அப்படித்தான். எம்.டி. மூணு நாளா தோகையே விரிக்கல, கவனிச்சீங்களா?"

"தோகை உதிர்ற சீசன்யா இது" என்றார் வைத்தியலிங்கம்.

"வெளியில அப்படித்தான் சொல்வாங்க."

வைத்தியலிங்கம் கொட்டாவி விட்டார். "எது எதோட சேர்ந்தா எனக்கென்ன? நான் வெள்ளிக்கிழமையோட கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போனார். அந்தக் கிளையில் மன நிம்மதியோடு எழுந்து போனவர் அவர் ஒருவர்தான்.

மாசிலாமணிக்கு அலகுப் பை வற்றிப்போயிற்று. "ஏண்ணே, இணைச்சா பட்டியல் என்ன ஆகும்?" என்றார் மெதுவாக.

"என்ன ஆகும்? பெரிய கம்பெனி பட்டியல் மேல. சின்ன கம்பெனி பட்டியல் கீழ. ஆலமரத்துல நாப்பது பேரு. அம்புட்டும் கழுகு. கழுகுக்கு ஆயுசு எவ்வளவுன்னு தெரியும்ல?"

தெரியும். மாசிலாமணி கணக்குப் போட்டார். உச்சிப்பாறையில் முன்கம்புக்கு அவர்தான் முதல் ஆள். இணைத்துவிட்டால் நாற்பது கழுகுகளுக்கு அடுத்தபடியாக நாற்பத்தொன்றாவது ஆள். ஒவ்வொரு கழுகும் ஓய்வு பெற்று, அடுத்தது வந்து, அதுவும் ஓய்வு பெற்று... நாற்பது வால். கூழைக்கடாவுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது. 

"ஆபீஸ்ல போய்க் கேட்டா என்ன?" என்றார் அஞ்சுகம்.

ஆபீஸ் எங்கே இருந்தது தெரியுமா? அதே நாவல் மரத்தில், இரண்டு கிளை மேலே. பிலோமினா டொக் டொக்கென்று டைப் அடிப்பது இவர்கள் பேசும்போதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"கேட்டா என்ன சொல்வாங்க?" என்றார் காத்தமுத்து. "அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்வாங்க. இல்லைன்னு சொன்னா இருக்குன்னு அர்த்தம். இருக்குன்னு அர்த்தமானதை எதுக்குக் கேட்கணும்?"

"அதுவும் இல்லாம," என்றார் சின்னக் கொக்கு, "போய்க் கேட்டா நமக்குத் தெரியாதுங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

இந்தக் காரணம் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் வழி" என்றார் காத்தமுத்து. "இணைப்பு வர்றதுக்கு முன்னாடி அங்க போய்ச் சேர்ந்துடணும். மொதல்ல போறவனுக்கு நாப்பத்தொண்ணு. அடுத்தவனுக்கு நாப்பத்திரண்டு. இங்க கேப்டன், துணைங்கறதெல்லாம் அங்க எடுபடாது. ஓடினவனுக்கு இடம், அவ்வளவுதான்."

கொக்குச் சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நமக்கென்ன அவசரம்" என்றார் பெரியவர். "ஆமா, அவசரமே இல்ல" என்றார் சின்னவர். இரண்டு பேரும் அந்த நிமிஷமே மனதுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதை மாசிலாமணி பார்த்துவிட்டார். பதினோரு வருஷமாக ஒரே வாலைப் பார்த்து வந்தவருக்கு எதிராளி மனசை அளக்கத் தெரியாதா என்ன!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திலகவதியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என்னங்க இது, ஒரு நடை ஆபீஸுக்குப் போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் அவள். "பிலோமினா நல்ல பொண்ணுதானே? போன தடவை லீவு லெட்டர்கூட அவளேதான் திருத்திக் கொடுத்தா."

"உனக்கு ஏவியேஷன் தெரியாது" என்றார் மாசிலாமணி.

"எனக்குத் தெரியாது, சரி. கேட்டா வாய் வலிக்குமா?"

"கேக்கற நேரத்துல கொக்கு ரெண்டும் போய்ச் சேர்ந்துடும்! நான் நாப்பத்துமூணா நிக்கணுமா?"

"இப்ப நீங்க ஒண்ணாம் நம்பர்ங்க" என்றாள் திலகவதி.

அவர் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 

புதன்கிழமை பொழுது விடிந்ததும் விடியாததுமாக மாசிலாமணி ராஜினாமாக் கடிதத்தை ஆபீஸ் பொந்தில் போட்டுவிட்டு ஆலமரத்துக்குப் பறந்தார். கொக்குச் சகோதரர்கள் இருவரும் பின்னாலேயே வந்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டு கேப்டன்களை அவர் பின்னுக்குத் தள்ளினார். அந்தச் சந்தோஷத்தை இல்லையென்று சொல்ல முடியாது. கொக்குகளுக்குப் பின்னால் அஞ்சுகம் வந்தார். "காலாற ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு கிளம்பினேன்" என்றார் அஞ்சுகம். "நாங்களும் அதுக்குத்தான்" என்றார்கள் கொக்குச் சகோதரர்கள். நாலு பேரும் ஆலமரம் ஏர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள்.

தீக்கோழி ஒன்றும் கேட்கவில்லை. எதிராளி கம்பெனியிலிருந்து நாலு பேர் வேலை கேட்டு வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அது படித்த படிப்பில் இருந்தது. படிவம் நிரப்பச் சொல்லி, மூன்று பிரதி வாங்கிக்கொண்டு, தகுதிகாண் விமானிகளாகச் சேர்த்துக்கொண்டது. மாசிலாமணிக்கு வரிசை எண் நாற்பத்தொன்று கிடைத்தது. பயந்தது நாற்பத்தொன்றுக்கு. ஓடிப்போய் வாங்கியதும் நாற்பத்தொன்று. ஆனாலும் தப்பித்துவிட்டோம் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

அதன் பிறகு வைத்தியலிங்கமும் காத்தமுத்துவும் ஒற்றைக் கூடையை ஓட்டிச் சமாளித்தார்கள். வெள்ளிக்கிழமை வைத்தியலிங்கம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

சனிக்கிழமை காலை உச்சிப்பாறையில் பயணிகள் வரிசை பள்ளம் வரைக்கும் நின்றது. மூன்று கூடை தயார். விமானி ஒருவர். ஒரு கூடைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் ஒரு கூடைகூடக் கிளம்பவில்லை. மைனா ஒன்று, "தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம். உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று அறிவித்துக்கொண்டே இருந்தது.

"என்ன பொறுமை, யாருக்குப் பொறுமை?" என்று முள்ளெலி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "பத்தரை மணிக்கு அக்கரையில எம் மருமகளுக்கு வளைகாப்பு! நான் போகாம யாரு வளையல் போடுவா?" சுற்றி நின்ற முயல்கள் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றன. கோபத்தில் அவளுக்கு முள் சிலிர்த்துக்கொள்ளும்.

தோகை உதிர்கிறதென்று வாரம் முழுக்க வெளியே தலைகாட்டாத மயில் பதறிப்போய் ஓய்வறைக்கு வந்தது. காத்தமுத்து மட்டும் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா எல்லாரும்?"

"ஆலமரத்துக்குப் போயிட்டாங்க சார்."

"ஏன்?"

"இணைப்புன்னு பேசிக்கிறாங்க சார்."

"யாரு பேசிக்கிறாங்க?"

"எல்லாரும்."

மயிலுக்கு முகம் விழுந்துவிட்டது. "எனக்கு யாருமே சொல்லலியேய்யா!" என்றது.

அன்றைக்கே மயில் தீக்கோழியைப் பார்க்க நடந்தே போனது. பறந்து போக விமானி இல்லை. தீக்கோழியும் குழப்பத்தில்தான் இருந்தது.

"உங்க ஆளுங்க நாலு பேரும் ஒரே நாள்ல வந்தப்பவே நினைச்சேன்" என்றது தீக்கோழி. "என்னமோ பெரிசா இணைப்பு நடக்குது, என்னைக் கேட்காம பண்றாங்கன்னு."

"என்னையும்தான் கேட்கல."

"அப்ப யாருதான் பண்றாங்க?"

இரண்டும் கால்விரல் விட்டு எண்ணிப் பார்த்தன. இணைப்பைச் செய்யத் தங்களை விட்டால் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தது.

"காடு முழுக்கத் தெரிஞ்ச விஷயம் நமக்குத் தெரியலைன்னா அசிங்கம்" என்றது மயில்.

"ரொம்ப அசிங்கம்" என்றது தீக்கோழி.

இரண்டும் அங்கேயே கால்நகம் பதித்து ஒப்பந்தம் போட்டன. புதுக் கம்பெனிக்கு ஆலப்பாறை ஏர்வேஸ் என்று பெயர். கூடைகள் மயிலுடையவை, விமானிகள் தீக்கோழியுடையவர்கள். மயில் தன் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு நிபந்தனை போட்டது: உச்சிப்பாறையில் கடைசிவரை விசுவாசமாக இருந்த விமானிகள் அனைவரையும் பதவி குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அனைவரும் என்றால் காத்தமுத்து.

மறுநாள் மாசிலாமணியை உச்சிப்பாறை வழித்தடத்துக்கே பணிக்குப் போட்டார்கள், வழி தெரிந்தவர் என்று. நாவல் மரத்தடிக்கு வந்தார். மேலேயிருந்து பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் நீங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். ஒப்புதல் கையெழுத்துப் போட வரவே இல்லையே?"

"எதுக்கு ஒப்புதல்?"

"உங்க கேப்டன் ஆர்டருக்குத்தான் சார். சுற்றறிக்கையோட வச்சிருந்தேனே, இணைப்புல ரெண்டாவது தாள். வெள்ளிக்குள்ள ஒப்புதல் வரலைன்னா அடுத்த ஆளுக்குன்னு போட்டிருந்துச்சே. ராஜினாமா பண்ணிட்டா மட்டும் என்ன, வாபஸ் வாங்க டைம் இருக்கேன்னு பார்த்தேன்." அவள் ஆபீஸ் பிரதியை எடுத்துக் காட்டினாள். 'திரு. மாசிலாமணி அவர்கள் சனிக்கிழமை முதல் கேப்டனாகப் பதவி உயர்த்தப்படுகிறார்' என்று இருந்தது. கீழே மயிலின் கால்நகம்.

"இணைப்புன்னா..." என்றார் மாசிலாமணி.

"கூட வச்சிருக்கற தாள் சார்."

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. பதினோரு வருஷத்துக்குச் சேர்த்து வந்தது. கூழைக்கடா அழுதால் கண்ணீர் அலகுப் பைக்குள் போய்விடும் என்பதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஏரிக்குப் போய் எந்த முகத்தோடு திலகவதியைப் பார்ப்பது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஒரு நடை போய்க் கேளுங்கள் என்றாளே! எத்தனை தடவை சொன்னாள்!

"அப்ப அந்த ஆர்டர் யாருக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"அடுத்த ஆளு அஞ்சுகம் மேடம், அவங்களும் இல்ல. அதுக்கடுத்த ஆளு இருந்தாரு. வந்து கையெழுத்துப் போட்டாரு."

கூடைப் பக்கம் இருந்து கேப்டன் காத்தமுத்து குரல் கொடுத்தார். "மாசிலாமணி, வாங்க, நேரமாச்சு. நம்ம ரெண்டு பேருக்கும்தான் ட்யூட்டி."

மாசிலாமணி போனார். கூடையில் மூன்று முயல் குடும்பங்களும் வளைகாப்பைத் தவறவிட்ட முள்ளெலியும் ஏறியிருந்தார்கள். காத்தமுத்து முன்கம்பில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணே... கேப்டன்" என்றார் மாசிலாமணி. "எங்களை எல்லாம் ஓடச் சொல்லிட்டு நீங்க மட்டும் ஏன் ஓடல?"

"நான் எதுக்கு ஓடணும்?" என்றார் காத்தமுத்து. "அந்த ரெண்டு தாளையும் ஆடு தின்னப்ப நான் பக்கத்துக் கிளையிலதானே இருந்தேன்."

"அப்ப, இணைப்புன்னா தாள்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தை வெளியில சொல்றது தப்பில்லையா?" என்றார் காத்தமுத்து. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். "அதுவுமில்லாம, நான் சொன்னது இப்ப நடந்துச்சா இல்லையா?"

நடந்துதான் இருந்தது.

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இனிமேல் ஜென்மத்துக்கும் இந்த ஆள் பேச்சைக் காதில் வாங்கக் கூடாது என்று அங்கேயே சத்தியம் செய்துகொண்டார். பின்கம்பை அலகால் கவ்வினார். கூழைக்கடாவின் காலால் கம்பைப் பிடிக்க முடியாது, அலகால்தான் முடியும். அதனால் வழியெல்லாம் அவரால் வாய் திறக்க முடியாது. பருந்து நகத்தால் பிடிக்கும், வாய் சும்மா இருக்கும்.

கூடை எழும்பியது. பள்ளத்தாக்கு நடுவில் காற்று பலமாக அடித்தது. மாசிலாமணிக்கு முன்னால் ஒரு பிளவுபட்ட வால் தெரிந்தது. அது இத்தனை வருஷம் பார்த்த வால் இல்லை, புது வால்.

"மாசிலாமணி," என்று காத்தமுத்து திரும்பாமலே குரலைத் தாழ்த்தினார், "வெளியில சொல்லிடாதீங்க. யானை விமானத் தொழிலுக்கு வரப்போகுதாம். மொத்தமா நம்மளை வாங்கப் போகுதாம். பட்டியலை அடியிலேர்ந்து மாத்தப் போறாங்களாம். யாருக்கு மேல இடம்னா..."

மிச்சத்தைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று.

மாசிலாமணி இரண்டு நொடி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது நொடி, கவ்விய அலகை விடாமல், கம்பில் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தார். கூடை பின்பக்கம் சாய்ந்தது. முயல்கள் அலறின, முள்ளெலி திட்டினாள். அவர் காதில் அது எதுவும் விழவில்லை. இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தார்.

நீதி: வதந்தியை நம்புகிறவனுக்கு வேலை போகும், கிளப்புகிறவனுக்குப் பதவி வரும். ஆகவே குழந்தைகளே, காதை மூடிக்கொண்டு வாயைத் திறந்து வையுங்கள்.